மகனுக்குத் தெரியாமல் மைலோவில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 26. தேசிய சேவையை முடித்து ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு, அக்கம்பக்கத்தார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், கைப்பேசியை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சொல்லித் தூக்கமில்லாமல் அலைந்தான். மருத்துவமனையில் சேர்த்தோம். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்றார்கள். ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் இரவில் சாப்பிடச் சொன்னார்கள். எட்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டவன், “எனக்கு ஒன்றுமில்லை” என்று நிறுத்திவிட்டான். மருத்துவரிடம் மட்டும் சாப்பிடுவதாகவே சொல்லிவந்தான். மருந்து வீட்டுக்கே வந்துவிடுவதால், பயத்தில் நான் அதைப் பொடித்து ஐந்து மாதமாக இரவு மைலோவில் கலந்து கொடுத்தேன். அவனும் நன்றாக இருந்தான், வேலைக்குப் போனான். போன வாரம் கோப்பையின் அடியில் வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டு, “விஷம் வைக்கிறாயா?” என்று கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, காப்பிக்கடையில் சாப்பிடுகிறான். தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறோம், விரதத்தில் மருந்து எதற்கு, முருகன் பார்த்துக்கொள்வான் என்கிறார் என் கணவர். ஊசி போட்டுவிடலாம் என்கிறாள் மகள். நான் செய்தது தவறா? அவனை எப்படி மருந்து சாப்பிட வைப்பது? கட்டாயப்படுத்த வழி உண்டா? – ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில் அளிப்பவர்: மனநலப் பிரிவில் பணியாற்றும் மருந்தாளர்

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், இன்றோ நாளைக் காலையோ நீங்கள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதமாக நாள்தோறும் உங்கள் மகனின் உடலுக்குள் சென்றுகொண்டிருந்த மருந்து, அவர் வீட்டில் சாப்பிடுவதை விட்ட நாளோடு திடீரென நின்றுவிட்டது. இது அவருடைய மருத்துவருக்குத் தெரியாது. அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையை அழைத்து, அவருடைய மருத்துவருக்கோ, அவரைத் தொடர்ந்து கவனித்துவரும் கேஸ் மேனேஜருக்கோ நடந்ததை அப்படியே தெரிவியுங்கள்: அவர் தாமாக மருந்தை நிறுத்தியது எப்போது, நீங்கள் கலக்கத் தொடங்கியது எப்போது, எந்த அளவில், கடைசியாக உள்ளே போனது எந்தத் தேதி. நோயாளியின் அனுமதியில்லாமல் அவரைப் பற்றி உங்களிடம் எதுவும் சொல்ல இயலாது என்று அங்கே கூறக்கூடும். அது உங்கள் மகனின் உரிமையைக் காக்கும் விதி. ஆனால் அவர்கள் உங்களிடம் சொல்வதற்குத்தான் தடை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. பல குடும்பங்கள் இந்த வேறுபாடு தெரியாமல் முதல் மறுப்பிலேயே தொலைபேசியை வைத்துவிடுகின்றன. கூடவே, அடுத்த சந்திப்பு எப்போதாக இருந்தாலும் அதை முன்னதாக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இதை அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிஸ்பெரிடோன் நின்ற மறுநாளே நோய் திரும்பிவிடுவதில்லை. பெரும்பாலும் சில வாரங்கள், சில சமயம் பல மாதங்கள்கூட எந்த மாற்றமும் தெரியாது; மருந்தால் வந்த மந்தம் விலகுவதால் முதல் சில நாட்களில் மனிதர் முன்பைவிடத் தெளிவாகவே தோன்றுவார். இந்த இடைவெளிதான் நோயாளியையும் குடும்பத்தையும் ஒருசேர ஏமாற்றுகிறது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் நடந்த 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் ‘லான்செட்’ இதழில் வெளியான கட்டுரையின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 27 விழுக்காட்டினர். மருந்துக்குப் பதிலாக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர். மருந்தை விட்ட எல்லாருக்கும் நோய் திரும்பிவிடுவதில்லை என்பதையும் இதே எண்கள் காட்டுகின்றன. ஆனால் யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. அதனால்தான் முதன்முறை நோய் வந்து தணிந்தவர்களுக்கும் குறைந்தது ஓரிரு ஆண்டுகளாவது மருந்தைத் தொடரும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். குறைப்பதாக இருந்தாலும் படிப்படியாக, கண்காணிப்போடு குறைக்கிறார்கள். உங்கள் மகன் எட்டு மாதத்தில் நிறுத்தியது மிக முன்கூட்டியே நடந்த ஒன்று.

இனி, நீங்கள் செய்தது தவறா என்ற கேள்வி. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பது எனக்கு முழுமையாக விளங்குகிறது. மகன் மறுபடியும் தூக்கமில்லாமல் அலைவதைக் காணும் துணிவு எந்தத் தாய்க்கும் இருக்காது. இருந்தும், இது தொடரக்கூடாத செயல் என்பதே என் உறுதியான கருத்து. அதற்குச் சட்டமும் நெறிமுறையும் மட்டும் காரணமல்ல. மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்று நீங்கள் விரும்பும் அந்த நோக்கத்தையே இந்த முறை கெடுக்கிறது.

அவர் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். தாம் மருந்தை விட்டுவிட்டதாகவே அவர் நம்பியிருந்தார். விட்ட பிறகு ஐந்து மாதம் நன்றாக உறங்கினார், வேலைக்குப் போனார், குரல்களோ சந்தேகங்களோ தொல்லை தரவில்லை. ஆகவே, “மருந்தில்லாமலேயே நான் நன்றாக இருக்கிறேன்” என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தால், தாம் அறிந்தவற்றைக் கொண்டு நியாயமாகச் சிந்தித்து வந்த முடிவு அது. அந்த ஐந்து மாத நலத்துக்கு மருந்துதான் காரணம் என்று அவர் உணர்ந்திருக்கக்கூடிய வாய்ப்பை, மைலோவில் கரைத்த மாத்திரை மறைத்துவிட்டது. பிறகு அவர் தூளைக் கண்டார். தமக்கு எதிராக யாரோ இரகசியமாகச் செயல்படுகிறார்கள் என்பதே அவருடைய நோயின் மையமான அச்சம். அந்த அச்சத்துக்கு வீட்டுக்குள்ளேயே, அதுவும் தாயின் கையாலேயே, உண்மையான சான்று கிடைத்திருக்கிறது. “விஷம் வைக்கிறாயா?” என்று அவர் கேட்டதை நோயின் பேச்சு என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். உணவில் எதுவோ கலந்திருக்கிறது என்று அவர் கண்டது சரிதான்.

மருந்தாளர் என்ற முறையில் வேறு கவலைகளும் எனக்கு உண்டு. மாத்திரையைப் பொடித்துக் கலக்கும்போது எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு கோப்பையின் அடியில் தங்கியது என்பது யாருக்கும் தெரியாது. ரிஸ்பெரிடோன் திரவ மருந்தாகவும் கிடைக்கிறது. அதைத் தண்ணீர், காப்பி, ஆரஞ்சுச் சாறு ஆகியவற்றில் கலக்கலாம், தேநீரிலும் கோலாவிலும் கலக்கக்கூடாது. இது தெரியாமல் தேத்தண்ணீரில் ஊற்றித் தருபவர்கள் உண்டு. மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாக வெளிப்பட வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். உங்கள் மகன் கிடங்கில் வேலை செய்கிறார். தூக்கக் கலக்கம் தரக்கூடிய மருந்து உடலில் இருப்பது தெரியாமல் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியிருக்கலாம், நண்பர்களோடு பியர் குடித்திருக்கலாம். மருத்துவரும், அவர் மருந்தைத் தாமே ஒழுங்காகச் சாப்பிட்டு இந்த நிலையில் இருப்பதாக எண்ணியே ஒவ்வொரு முடிவையும் எடுத்திருப்பார். மறதி நோய் முற்றிய முதியவர்களுக்கு அரிதாக உணவில் கலந்து மருந்து தரப்படுவதுண்டு. அது மருத்துவரும் மருந்தாளரும் குடும்பத்தாரும் கூடிப் பேசி, எழுத்தில் பதிவுசெய்து, அவ்வப்போது மறுபரிசீலனை செய்யப்படும் ஏற்பாடு. தமக்கு எது வேண்டும் என்று சிந்தித்து வேலைக்குச் சென்றுவரும் 26 வயது இளைஞருக்கு அது பொருந்தாது.

அவர் ஏன் நிறுத்தினார் என்பதை இதுவரை யாராவது பொறுமையாகக் கேட்டிருக்கிறார்களா? உங்கள் கடிதத்தில் அதற்கான பதில் இல்லை. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அதுதான். மருந்தை விடுவது மனநோயாளிகளின் பிடிவாதம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உண்மையில், வளர்ந்த நாடுகளில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உட்பட நாட்பட்ட நோய் உள்ளவர்களில் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மனச்சிதைவு மருந்துகளை ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்து, 2005ல் முடிவுகள் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பங்கேற்றவர்களில் 74 விழுக்காட்டினர் 18 மாதங்களுக்குள் முதலில் கொடுக்கப்பட்ட மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் இந்த மருந்தை விட்டுவிடுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. காரணத்தை அறிந்து மருந்தையோ அளவையோ மாற்றுவது எங்கள் வேலை.

ரிஸ்பெரிடோனைப் பொறுத்தவரை, இளைஞர்கள் நிறுத்துவதற்கான காரணங்களில் சில தாயிடம் சொல்லக்கூடியவை அல்ல. இம்மருந்து புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் அளவைக் கூட்டக்கூடியது. அதனால் ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், விறைப்புக் கோளாறு வரலாம், சிலருக்கு மார்பு வீங்கலாம். 26 வயதில் இப்படி ஒன்று நேர்ந்தால், அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் “எனக்கு ஒன்றுமில்லை” என்று மாத்திரையைத் தூக்கிப் போடுவது இயல்பு. உட்கார விடாமல் கால்களை அலைக்கழிக்கும் ஒருவகைத் தவிப்பும் உண்டு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது நோய் முற்றியதுபோலவே தெரியும். உடல் விறைப்பு, கை நடுக்கம், எடை கூடுதல், காலையில் எழ முடியாத மந்தம் என்று இன்னும் பல. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், புரோலாக்டினைக் கூட்டாத அரிப்பிப்பிரசோல் போன்ற மருந்துக்கு மாறலாம், உடல் விறைப்புக்குத் தனி மாத்திரை தரலாம். ஆனால் அவர் வாய்திறந்து சொன்னால்தான் இவை நடக்கும். ஆகவே அடுத்த சந்திப்பில் நீங்கள் அறைக்கு வெளியே சிறிது நேரம் இருக்க முன்வாருங்கள். மருத்துவரிடமோ, மருந்து வாங்கும் இடத்தில் மருந்தாளரிடமோ அவர் தனியாகப் பேசட்டும்.

இன்னொரு காரணம் நோய்க்குள்ளேயே இருக்கிறது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு, தாம் நோயுற்றிருக்கிறோம் என்று காணும் ஆற்றலே அந்த நோயால் குறைந்துவிடுகிறது. அவர் உண்மையை மறைக்கவில்லை. அவருக்கு அது தெரிவதில்லை. அத்தகையவரிடம் “உனக்கு நோய் இருக்கிறது, ஒத்துக்கொள்” என்று வாதாடினால் அவர் மேலும் இறுகித்தான் போவார். அவர் நோயை ஒப்புக்கொண்ட பிறகுதான் மருந்து சாப்பிடுவார் என்று காத்திருக்கவும் தேவையில்லை. இரவில் தூக்கம் வருகிறது, வேலையில் நிலைக்க முடிகிறது, மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை என்பது போன்ற தமக்கே உரிய காரணங்களுக்காக மருந்து சாப்பிடுபவர்கள் ஏராளம். எனக்கு அது போதும். உங்களுக்கும் போதுமானதாக இருக்கட்டும்.

இப்போது கடினமான பகுதி. நீங்கள் மாத்திரை கலந்ததை அவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பேசிவிட்டு, அவர்கள் சொல்லும் யோசனையையும் கேட்டுக்கொண்டு, அவர் அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, கணவரும் மகளும் சூழ்ந்து நிற்காமல், நீங்கள் மட்டும் பேசுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். “தம்பி, நீ பார்த்தது சரிதான். உன் மாத்திரையத்தான் மைலோவுல கலந்து கொடுத்தேன். விஷம் இல்ல. உனக்கு மறுபடி முடியாமப் போயிடுமோன்னு பயந்து செஞ்சேன். உன்னக் கேக்காம செஞ்சது தப்பு. இனிமே செய்யவே மாட்டேன்.” இவ்வளவுதான். இதன் பின்னால் “ஆனால்” என்று ஒரு சொல் வந்துவிட்டால் மன்னிப்பு முழுவதும் அறிவுரையாக மாறிவிடும். அன்றைக்கே “சரி, இப்போது மாத்திரையைச் சாப்பிடு” என்று கேட்காதீர்கள். அவர் கோபப்படலாம், கத்தலாம், எழுந்து போய்விடலாம், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மாதம் என்று கேட்டால் சரியான கணக்கைச் சொல்லுங்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். அந்த ஐந்து மாதமும் தாம் மருந்தோடுதான் இருந்தோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, வற்புறுத்தாமல், அவர் கண்ணெதிரே எல்லாருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறுங்கள். மூடி திறக்காத தண்ணீர் போத்தல், உறை பிரிக்காத ரொட்டி போன்றவற்றை வீட்டில் வையுங்கள். விரும்பினால் தமக்குத் தாமே மைலோ கலக்கிக்கொள்ளட்டும். சில நாட்கள் கழித்து, “மாத்திரை சாப்பிடறப்ப உனக்கு என்ன பண்ணுச்சு?” என்று ஒரு முறை கேளுங்கள். அவர் சொல்வதை மறுக்காமல் கேட்டுவிட்டு, “இத டாக்டர்கிட்டச் சொன்னா மாத்தித் தருவாரு, வேணும்னா நானும் வர்றேன், இல்லைன்னா நீயே போய்ட்டு வா” என்று சொல்லுங்கள்.

உங்கள் மகளின் யோசனை நல்லது; முடிவு மட்டும் அவருடைய சகோதரருடையதாக இருக்க வேண்டும். பல நாட்கள் நீடித்துச் செயல்படும் ஊசி மருந்துகள் சிங்கப்பூரில் பயன்பாட்டில் உள்ளன. சிலவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பாலிபெரிடோன் போன்றவற்றை, தொடக்கத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்ட பின், மாதம் ஒருமுறையும் போடுவார்கள். பாலிபெரிடோன் என்பது ரிஸ்பெரிடோன் உடலில் மாறும்போது உருவாகும் பொருளே என்பதால், ரிஸ்பெரிடோன் அவருக்கு ஒத்துக்கொண்டிருந்தால் இதுவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதே காரணத்தால் புரோலாக்டின் தொல்லை இருந்திருந்தால் இதிலும் அது தொடரும், அப்போது வேறு ஊசியைப் பற்றிப் பேச வேண்டும். ஊசியின் பெரிய நன்மையாக நான் கருதுவது, “மாத்திரை சாப்பிட்டாயா?” என்ற கேள்வி வீட்டைவிட்டு வெளியேறிவிடுவதுதான். மாலைதோறும் தாயும் மகனும் அதற்காக மோத வேண்டியதில்லை. ஊசியைத் தண்டனையாகவோ “சாப்பிடாவிட்டால் ஊசிதான்” என்ற மிரட்டலாகவோ மட்டும் சொல்லிவிடாதீர்கள். செலவு ஒரு தடையாக இருந்தால் சொல்லிக் கேளுங்கள். மனச்சிதைவு நோய், நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இடம்பெற்றிருப்பதால் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்டு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தலாம்.

உங்கள் கணவரின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நேர்த்திக்கடனை விட்டுவிடச் சொல்லவும் மாட்டேன். ரிஸ்பெரிடோனை உணவோடும் சாப்பிடலாம், வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். ஆதலால் ஒருபொழுது விரதம் இருப்பவருக்கு அது எந்த இடையூறும் செய்யாது. கேப்ஸ்யூல் வடிவ மருந்துகளின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது என்பதால் சைவ விரதத்தில் சிலர் தயங்குகிறார்கள். அப்படி ஒரு தயக்கம் இருந்தால் மருந்தாளரிடம் கேட்டால் மாற்று வடிவம் உண்டா என்று பார்த்துச் சொல்வார். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நோய் திரும்பும் அபாயம் உள்ள இந்த மாதங்களில், தூக்கமும் உணவும் குறைந்து, கூட்டத்துக்கும் மேளத்துக்கும் நடுவே, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமப்பது அவருக்குப் பெரும் பளு. மேலும் இவ்வகை மருந்துகள் உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். இந்த ஆண்டு பால்குடமோ, அல்லது தந்தையே மகனுக்காகக் காவடி எடுப்பதோ போதுமா என்று உங்கள் கணவரே யோசித்துச் சொல்லட்டும். அவருடைய பக்தியை மகனுக்கு ஆதரவாகத் திருப்ப முடியும். மருந்தா முருகனா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. (மனநிலையைச் சீராக்கத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடும் வாசகர்கள் விரதமானாலும் ரமலான் நோன்பானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது, உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகலாம்.)

கட்டாயப்படுத்த வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தம் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறனுள்ள ஒருவருக்கு வீட்டில் வலுக்கட்டாயமாக மருந்து கொடுக்கும் அதிகாரம் பெற்றோருக்கு இல்லை. 2008ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டம் வேறொரு நிலைமைக்கானது: மனநோயின் காரணமாக ஒருவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்ற நிலையில், அவரை மனநலக் கழகத்துக்கு (ஐஎம்எச் மருத்துவமனை) கொண்டுசென்று, மருத்துவர் பரிசோதித்து, முதலில் 72 மணி நேரம் வரையும், இன்னொரு மருத்துவரின் பரிசோதனைக்குப் பின் ஒரு மாதம் வரையும் அங்கே வைத்துச் சிகிச்சை அளிக்க அது இடம் தருகிறது. உங்கள் மகன் இன்று அந்த நிலையில் இருப்பதாக உங்கள் கடிதம் காட்டவில்லை. ஆனாலும் அறிகுறிகளை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தூங்காமை, தனியே பேசுவது அல்லது யாருக்கோ பதில் சொல்வது, கைப்பேசியை அணைத்துப் பரணில் வைப்பது, அண்டைவீட்டாரைப் பற்றிய பழைய பேச்சு திரும்புவது. முதல் தடவை நோய் எப்படித் தொடங்கியதோ, இரண்டாம் தடவையும் அநேகமாக அதே வரிசையில் தொடங்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவித் தொலைபேசியை, 6389 2222, அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 995 (ஆம்புலன்ஸ்) அல்லது 999 (காவல்துறை). உங்களுக்கே பேச ஒருவர் வேண்டுமென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. மனநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கு ‘கேர்கிவர்ஸ் அலையன்ஸ்’ அமைப்பு இலவசமாகப் பல வாரப் பயிற்சி நடத்துகிறது. உங்கள் கணவரும் உடன் வந்தால் மிகவும் நல்லது.

வீட்டில் எஞ்சியிருக்கும் மாத்திரைகளை எறிந்துவிடாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். அவரிடம் உண்மையைச் சொன்ன பிறகு, அவை இருக்கும் இடத்தை அவருக்குக் காட்டிவிடுங்கள். ஒரு வாரமாக மருந்தில்லாமல் இருப்பவர் பழைய 4 மில்லிகிராமையே உடனே தொடங்குவதா, குறைந்த அளவிலிருந்து ஏற்றுவதா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆகையால் மீண்டும் சாப்பிட அவர் தாமே முன்வந்தாலும், முதல் மாத்திரைக்கு முன் மருத்துவமனைக்கு ஒரு முறை அழைத்துக் கேட்டுவிடுங்கள். சந்திப்புக்குப் போகும்போது எல்லா அட்டைகளையும் அப்படியே ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதை அவற்றைக் கொண்டு கணக்கிட முடியும்.